பச்சைக் காரின் ஹார்ன்

நாரவில்
12 மார்ச் 1967, ஞாயிறு

டெஸ்,

நீ போய் மூன்று வாரமாகிறது. ஒரு வரி இல்லை. மெல்பர்னில் தபால்தலை கிடைப்பதில்லையா, இல்லை பேனா பிடிக்கிற விரலையும் உடைத்துக்கொண்டாயா?

ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்கமாட்டேன். நாரவில்லுக்கு வருகிற எந்த போனும் என் சுவிட்ச்போர்டு வழியாகத்தான் வந்தாக வேண்டும். நான் இல்லாத நேரத்தில் அதில் மிஸஸ் டாங்கின் உட்காருவாள். அவள் காதில் விழுந்த விஷயம், நாம் ரிசீவரைக் கீழே வைப்பதற்குள் முப்பது வீட்டுக்குப் போய்விடும். கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் துணிச்சல் மட்டும் அவளுக்கு இன்னும் வரவில்லை. ஆகவே கடிதம்.

மெல்பர்ன் அணிக்கு உன்னை விடுவிக்கிற காகிதத்தில் நம் ஃபுட்பால் கிளப் கமிட்டி கையெழுத்துப் போட்டதை அப்பா சாப்பாட்டு மேசையில் சொன்னார். ரே டாங்கின் பக்கத்து ஊருக்கு ஆடப் போகிறேன் என்றபோது ஆறு வாரம் இழுத்தடித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு இரண்டு நிமிடம் ஆனதாம். தலைவர் என்பதால் முதல் கையெழுத்து அப்பாவுடையது, அடுத்தது கேப்டன் என்பதால் என் அண்ணன் கிளெமுடையது. "போகட்டும்மா. அங்கயாவது சைரன் அடிக்கிற வரைக்கும் ஓடுறானா பாப்போம்" என்றார் அப்பா. கிளெம் சிரிக்கக்கூட இல்லை. உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தான்.

ஃபைனலில் நானும் இருந்தேன் டெஸ். நாம் நாலு பாயின்ட் முன்னால், அவர்கள் ஒரு கோல் போட்டால் ஆறு. கடைசி நிமிடம். மின்டாராக்காரன் அடித்த பந்து நேராக நம் கோலுக்கு வருகிறது, நீ எல்லாத் தலைக்கும் மேலே எழும்பி அதை முஷ்டியால் குத்திக் கீழே தள்ளினாய். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். மைதானத்தைச் சுற்றி நின்ற எந்தக் காரிலிருந்தோ ஒரு ஹார்ன், ஆட்டம் முடிகிற சைரனைப் போலவே, நீளமாக. நீ நின்றுவிட்டாய். நடுவர் விசில் ஊதாததால் மற்றவர்கள் நிற்கவில்லை. மின்டாராவின் அந்தச் சிவந்த தலைக்காரன் உன் காலடியிலிருந்து பந்தை எடுத்து கோல் அடித்துவிட்டான், அதற்குப் பிறகுதான் நிஜமான சைரன் ஒலித்தது. இரண்டு பாயின்டில் போனது. முப்பத்தோரு வருஷம் காத்திருந்த கோப்பை.

ஊர் உனக்குப் பேர் வைத்துவிட்டது. "நின்னவன்." பேக்கரியில், பெட்ரோல் பங்கில், சர்ச் வாசலில். "நின்னவன் போயிட்டானாமே?" என்று என்னிடமே கேட்கிறார்கள். ஹார்ன் அடித்தது யார் என்று முதல் வாரம் தேடினார்கள். அப்புறம் தேடவில்லை. திட்டுவதற்கு ஒரு ஆள் போதுமே.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் வேண்டாம். நீ எழுது, அப்புறம் சொல்கிறேன்.

நோலா


மெல்பர்ன்
2 ஏப்ரல் 1967

நோலா,

விரல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை. காரின் வயிற்றுக்குள் கை விட்டால் எனக்கு எல்லாம் தெரியும். காகிதத்தைப் பார்த்தால் கை வியர்க்கிறது.

மிஸஸ் குவில்டி என்ற அம்மாவின் வீட்டு மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். பகலில் டயர் ஃபாக்டரியில் வேலை, கிளப்தான் வாங்கிக்கொடுத்தது. செவ்வாய், வியாழன் மாலையில் பயிற்சி. எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, கோதுமை விளைகிற ஊரிலிருந்து வந்ததால் எனக்கு "கோதுமை". "ஏய் கோதுமை, ஊர்ல ஆட்டை விரட்டுற மாதிரி விரட்டுறியே, அவன் மனுசன்டா" என்று ஒருவன் கத்தினான். பரவாயில்லை. ஊரில் வைத்த பெயருக்கு இது எவ்வளவோ மேல்.

இங்கே மைதானத்தைச் சுற்றிக் கார்களை நிறுத்த முடியாது. படிக்கட்டுகளில் முப்பதாயிரம் பேர் நிற்கிறார்கள். கோல் விழுந்தால் கத்துகிறார்கள், ஹார்ன் கிடையாது. எனக்கு அது பழகவில்லை. நம் ஊரில் கோல் விழுந்தால் நூறு காரும் ஒன்றாக அலறுமே. எதிர் அணி அடித்தாலும் அவர்கள் பக்கத்துக் கார்கள் அலறும். தடுப்பவனுக்கு மட்டும் யாரும் அடிப்பதில்லை. பதினாலு வயதிலிருந்து கோல் வாசலில் நிற்கிறேன், எனக்காக ஒருவரும்... சரி, விடு.

ஃபைனலைப் பற்றி இனி எழுதாதே. என்ன சொல்ல நினைத்தாயோ அதை நேரில் பார்க்கும்போது சொல். இரண்டு சீசன்தான். அதற்குள் ஊருக்கு மறந்துவிடும், நான் வந்துவிடுவேன். காத்திருப்பாயா என்று கேட்க அன்றைக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். காத்திருப்பாயா?

டெஸ்


நாரவில்
18 ஜூன் 1967

டெஸ்,

காத்திருப்பேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே எழுதப் போவதைப் படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துவிடுவாய்.

நேற்று உன் முதல் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டேன். சுவிட்ச்போர்டுக்குப் பக்கத்தில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டேன். ஒரு காதில் மிஸ்டர் ஹேபல் உரக்கடைக்கு லைன் கேட்கிறார், இன்னொரு காதில் நீ. உன் பெயர் பதினொரு முறை வந்தது. நீ தடுக்க வேண்டிய எதிரணி விக் டோலன் ஒன்பது கோல் அடித்தான், ஒவ்வொன்றிலும் "பாஸ்கோவைத் தாண்டிவிட்டார்", "பாஸ்கோ எங்கே?", "பாவம் பாஸ்கோ". கடைசியில் வந்த "பாவம்" தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஹோட்டலில் ஒவ்வொரு கோலுக்கும் மேசையைத் தட்டினார்களாம். "இப்பவும் நின்னுட்டான்டா" என்று. கிளெம் எழுந்து வெளியே வந்துவிட்டானாம். எனக்கு அது கொஞ்சம் ஆறுதல். அவனுக்கு உன் மேல் இருக்கிற கோபம் அவனுடையது, மற்றவர்கள் சிரிப்பது அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஒன்று கண்டுபிடித்தேன். அவர்கள் உன் பெயரைச் சொன்னால் உனக்குக் கெட்ட நேரம். சொல்லாதிருந்தால் நல்ல நேரம். உன்னைக் காதலிக்கிறவள் உன் பெயர் வரக்கூடாது என்று ரேடியோ முன்னால் வேண்டிக்கொண்டு உட்கார வேண்டும். இப்படி ஒரு பிழைப்பை வேறு எந்தப் பெண்ணுக்காவது எவனாவது கொடுத்திருப்பானா?

பாஸ்டர் ரீமர்ஸுக்குக் குவீன்ஸ்லாந்துக்கு மாற்றல். போகும்போது அவருடைய பச்சைக் காரை நான் வாங்கிக்கொண்டேன். நன்றாக ஓடுகிறது. ஹார்ன்தான் வேலை செய்யவில்லை. எனக்கு ஹார்ன் தேவையும் இல்லை.

கோட்டை மழையில் நனைய விடாதே. அங்கே ஈரம் அதிகம் என்கிறார்கள்.

நோலா


மெல்பர்ன்
9 ஜூலை 1967

நோலா,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறியது போல இருக்கும். வலது கையில் இரண்டு விரல் உடைந்துவிட்டது. என்னை ரிசர்வ் அணிக்கு இறக்கிவிட்டார்கள்.

கோச் மல்வேனி கூப்பிட்டு உட்கார வைத்தார். "கோதுமை, நீ பந்தைப் பாக்குற. பந்தை எல்லாப் பயலும் பாப்பான். நீ எதிர்ல நிக்கிறவன் இடுப்பைப் பாரு. தலை பொய் சொல்லும், கண்ணு பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. அவன் முதல்ல அசையட்டும். அது வரைக்கும் காத்திரு. பொறுமை இல்லாதவனுக்கு இந்த இடம் கிடையாது" என்றார். அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காரின் ஹார்ன் வேலை செய்யவில்லை என்று எழுதியிருந்தாய். ஃபைனலுக்கு முந்தின நாள் பாஸ்டருக்கு அதை மாட்டிக்கொடுத்ததே நான்தான். பழைய கோதுமை லாரியிலிருந்து கழற்றியது. அவ்வளவு சீக்கிரம் கெடாதே. பரவாயில்லை, வரும்போது பார்க்கிறேன்.

கை வலிக்கிறது.

டெஸ்


நாரவில்
18 ஆகஸ்ட் 1968

என் அருமை டெஸ்,

நேற்று உன் பெயர் ஒரு முறைகூட வரவில்லை!

ஆட்டத்தின் முதல் கால் பகுதியில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் "பா" என்று ஆரம்பித்தான், எனக்கு உயிரே போய்விட்டது. "பார்வையாளர்கள்" என்று முடித்தான். டோலன் மொத்தம் ஒரே ஒரு கோல். "டோலனுக்கு இன்று என்ன ஆயிற்று?" என்று வர்ணனையாளன் நாலு தடவை கேட்டான். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். மிஸ்டர் ஹேபலுக்கு உரக்கடைக்குப் பதிலாகப் பல் டாக்டரை இணைத்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

இது தொடர்ந்து மூன்றாவது வாரம். ஹோட்டலில் யாரும் மேசையைத் தட்டுவதில்லையாம். பேக்கரி லெஸ் மட்டும் "டவுன்ல போயி ஓடக் கத்துக்கிட்டான் போல" என்றார். அதுவே பெரிய விஷயம்.

இரண்டு சீசன் முடியப் போகிறது. செப்டம்பர் கடைசியில் நாலு நாள் லீவு கேட்டிருக்கிறேன். நான் அங்கே வருகிறேன். நாம் இரண்டு பேரும் ஒரே ரயிலில் திரும்பி வரலாம். தைக்கக் கொடுத்திருக்கும் உடையின் நிறத்தைச் சொல்லமாட்டேன். வந்தால் பார்.

வெள்ளிக்கிழமை மாலை ரயில். பிளாட்பாரத்தில் நில். நின்று பழக்கம்தானே! (கோபித்துக்கொள்ளாதே. நான் சொல்லலாம்.)

உன் நோலா


நாரவில்
6 அக்டோபர் 1968

டெஸ்மண்ட் பாஸ்கோ அவர்களுக்கு,

மிஸஸ் குவில்டி நல்லவர். தட்டில் வறுத்த ஆட்டிறைச்சியை வைத்துக்கொண்டே, "இன்னும் மூணு வருசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டாரும்மா, எனக்கும் ரூமைப் பத்திக் கவலை விட்டுச்சு" என்றார். நான் புதினா சாஸைக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். ஒரு சொட்டும் மேசையில் சிந்தவில்லை என்பதை நீ கவனித்தாயா என்று தெரியாது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று வருஷம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நான் புது உடை உடுத்திக்கொண்டு உன்னைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன், நீ மூன்று வருஷத்தை எழுதிக்கொடுத்துவிட்டு உருளைக்கிழங்கை நகர்த்துகிறாய்.

பிளாட்பாரத்தில் நீ சொன்னதை வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது நோலா? தெருவுல போனா நின்னவன் வர்றான்பாங்க. உங்கப்பா மேசையில உக்காந்து என்னால சாப்பிட முடியுமா, சொல்லு, சொல்லு." சொல்லு, சொல்லு என்று இரண்டு முறை சொன்னாய். நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்பதைப் போல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் வாயைத் திறந்தேன். கார்டு விசில் ஊதினான். நான் ஏறிவிட்டேன்.

நீ ஊருக்குப் பயந்தவன். நானும் ஒன்றும் பெரிய வீராங்கனை இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நான் இங்கேயே இருக்கிறேன், நீ அங்கே இருக்கிறாய்.

இனி எழுத வேண்டாம். ரேடியோவையும் கிளெமின் அறையில் வைத்துவிட்டேன்.

நோலா லிண்ட்னர்


மெல்பர்ன்
24 மே 1970

நோலா,

எழுத வேண்டாம் என்றாய். ஒன்றரை வருஷம் எழுதாமல் இருந்தேன். இதற்குப் பதில் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன் என்று இங்கே யாருக்கும் தெரியாது. அணியில் இருப்பவர்கள் பீர் குடிக்கப் போவார்கள். நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ரயில் யார்டுக்குப் போவேன். கோதுமை வேகன்கள் அங்கேதான் வந்து நிற்கும். எந்த ஸ்டேஷனில் ஏற்றியது என்று பக்கவாட்டில் சாக்கட்டியால் எழுதியிருப்பார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடப்பேன். நாரவில் என்று எழுதிய வேகன் கிடைத்தால் அதன் நிழலில் உட்கார்ந்துவிடுவேன். ஸ்டேஷன்மாஸ்டர் ஹார்வியின் கையெழுத்து எனக்குத் தெரியும், கடைசி எழுத்தின் வாலை இழுத்துவிடுவார். மூன்று நாளுக்கு முன்னால் இந்தப் பலகை நம் ஊரில் நின்றது, ஒருவேளை நோலா சைக்கிளில் இதைத் தாண்டிப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். போன வாரம் மேலே ஏறி ஒரு கைப்பிடி எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஆட்டத்துக்குப் போகும்போது பையில் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் பரவாயில்லை. இரண்டு மணி நேரம் ஒரு பெரிய ஆளின் மூச்சுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அவன் என் அம்மாவைப் பற்றிப் பேசுவான், காலை மிதிப்பான், அவன் இடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அவன் அசைந்தால் நானும் அசைவேன். யாருக்கும் பிடிக்காத வேலை, எனக்கு நன்றாக வருகிறது. எழுபது மைலுக்கு அந்தப் பக்கம் என்னவோ, இந்தப் பக்கம் எல்லோரும் என்னை மதிக்கிறார்கள்.

இல்லை, இது பெருமை பேச எழுதியதில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அதை எழுதத்தான் இத்தனை வரி.

டெஸ்


நாரவில்
7 ஜூன் 1970

டெஸ்,

வேகனில் ஏறிக் கோதுமை எடுத்தால் ரயில்வே போலீஸ் பிடிப்பான். கவனமாக இரு.

தூரம் இருநூற்றுமுப்பது மைல், எழுபது இல்லை.

நோலா


நாரவில்
15 ஜூலை 1973

டெஸ்,

மூன்று வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன், கை வியர்க்கிறது. இப்போது புரிகிறது நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

ரேடியோவை எப்போதோ கிளெமின் அறையிலிருந்து திரும்ப எடுத்துவிட்டேன். போன மாதம் அந்த ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது கால் பகுதி வரை உன் பெயர் வரவில்லை, நான் நிம்மதியாகப் பின்னிக்கொண்டிருந்தேன். பிறகு வந்தது. பாஸ்கோ, பாஸ்கோ, பாஸ்கோ என்று இரண்டு நிமிடம் விடாமல். முழங்கால், ஸ்ட்ரெச்சர், நாலு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தொண்ணூற்றோரு ஆட்டம், ஒரு கோல்கூட அடிக்காத ஆட்டக்காரர், இனி ஆடமாட்டார் என்று நினைக்கிறோம், முப்பதாயிரம் பேரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்றான். அந்தக் கைதட்டலை நான் ரேடியோவில் கேட்டேன். சுவிட்ச்போர்டில் ஏழு விளக்கு எரிந்தது. ஒருவருக்கும் லைன் கொடுக்கவில்லை.

இனி உனக்கு அங்கே ஆட்டம் இல்லை. இங்கே முகம் இல்லை. அந்த முகத்தை உன்னிடமிருந்து எடுத்தது நான். ஆகவே நேற்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆட்டம் முடிந்து கிளப் ஹாலில் எல்லோரும் சாயங்காலச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். நான் பூசணி ஸ்கோன் ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "ஒண்ணு சொல்லணும். அறுபத்தாறு ஃபைனல்ல அந்த ஹார்ன் அடிச்சது நான்தான்" என்றேன்.

டெஸ், இதுதான் அன்றைக்கே சொல்ல வேண்டியது. மூன்றாவது இடைவேளையில் பாஸ்டர் ரீமர்ஸ் சாப்பிட மீட்-பை வாங்கப் போனார், மழை தூறியது, நான் அவருடைய காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வரிசையில் போனவர் கடைசி வரை திரும்பவில்லை. நீ அந்தப் பந்தைக் குத்தியபோது எனக்கு என்ன வந்ததோ தெரியாது. கோல் அடித்தவனுக்கெல்லாம் அடிக்கிறார்களே, இவனுக்கு ஒருவருமில்லையே என்று தோன்றியது. இரண்டு கையாலும் அழுத்தினேன். அது அப்படி அலறும் என்று எனக்குத் தெரியாது. நீ நின்றாய். மீதி உனக்குத் தெரியும்.

அடுத்த நாளே சொல்லியிருக்கலாம். அப்பா தலைவர், அண்ணன் கேப்டன், அவனுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. நான் கோழை. காரை வாங்கியதும் அதற்குத்தான். வேறு யாராவது வாங்கிச் சரிபண்ணி ஒரு முறை அழுத்தினால் ஊர் கண்டுபிடித்துவிடும் என்று பயந்தேன். ஹார்ன் கெடவில்லை. ஃபைனல் அன்று இரவே வயரை நான்தான் பிடுங்கிவிட்டேன்.

கிளெம் முள்கரண்டியை வைத்தான். "ஏழு வருசமா அவனைத் திட்டிட்டு இருந்தேனே நோலா. நீ பக்கத்துல உக்காந்து எனக்கு ரொட்டியில வெண்ணெய் தடவிக் குடுத்திட்டு இருந்தியே" என்றான். அவ்வளவுதான் சொன்னான், எழுந்து போய்விட்டான். மீதியையும் கேட்டுவிட்டு அப்பா, "பாஸ்டர் காரா?" என்றார். மிஸஸ் டாங்கினுக்கு முன்னால் இந்த ஊரில் ஒரு செய்தியைச் சொன்ன முதல் ஆள் நான்தான். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கிளெம் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் இன்று காலை அப்பா சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "அவனுக்கு எழுது. கிளப் தலைவர் சொன்னாருன்னு எழுது. மேசையில அவனுக்கு இடம் இருக்குன்னு" என்றார். எழுதிவிட்டேன்.

என் மேல் உனக்கு என்ன வருமோ வரட்டும். நவம்பரில் இங்கே தானியங்கி எக்ஸ்சேஞ்ச் வருகிறது, என் வேலையும் போகிறது. நீ வந்தால் ஊருக்காக வா. எனக்காக வர வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

நோலா


மெல்பர்ன்
5 ஆகஸ்ட் 1973

நோலா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் படித்தேன். நர்ஸ் வலி அதிகமா என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும்.

அன்றைக்கே தெரியும். முந்தின நாள் என் கையால் மாட்டிய ஹார்ன். காரேஜில் நாலு முறை அழுத்திப் பார்த்தேன், என் காது வலித்தது. நம் மைதானத்துச் சைரன் விட்டுவிட்டு அழும், அது இழுத்து அழும். மற்றவர்கள் எவனுக்கும் வித்தியாசம் தெரியாது, எனக்குத் தெரியும். இடைவேளையில் நீ பாஸ்டர் காரில் ஏறியதையும் பார்த்தேன். என் கோலுக்குப் பின்னால்தானே நின்றது.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று நான் நிற்கவில்லை நோலா. எனக்கு ஒருவர் ஹார்ன் அடித்தார்கள் என்றுதான் நின்றேன். பதினாலு வயதிலிருந்து ஒரு நாளும் இல்லாதது. திரும்பி உன்னைப் பார்த்தேன். தூறலுக்குள்ளே கண்ணாடிக்குப் பின்னால் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். அதை முழுசாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், அதற்குள் சிவந்த தலைக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இதை ஊரில் போய் எப்படிச் சொல்வது? சைரன் என்று நினைத்தேன் என்றால் முட்டாள் என்பார்கள், பரவாயில்லை. நோலாவைப் பார்த்தேன் என்றால் உன்னை உயிரோடு தின்றிருப்பார்கள். நான் கிளம்பிப் போய்விட முடியும். நீ தினமும் அதே ஆட்களுக்கு லைன் கொடுத்துக்கொண்டு அங்கேயே உட்கார வேண்டும்.

உன்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் வாய் வரை வந்தது. நீயே சொல்லட்டும் என்று வீம்பு. நீ சொல்லிவிட்டால் கையெழுத்துப் போட்ட காகிதத்தைக் கிழித்துவிட்டு அதே ரயிலில் ஏறியிருப்பேன். எதிரில் இருப்பவன் முதலில் அசையட்டும் என்று காத்திருப்பதுதானே என் வேலை. அதை உன்னிடமும் செய்தேன். ஏழு வருஷம் போய்விட்டது. அதற்கு என்னை மன்னிக்க முடிந்தால் மன்னி.

மேசையில் இடம் இருக்கிறது என்று உங்கள் அப்பா சொன்னது நல்ல விஷயம். ஆனால் நான் ஊருக்காக வரவில்லை. இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை, மத்தியான ரயில். ஊரே மைதானத்தில் இருக்கும். இரண்டு பக்கமும் ஊன்றுகோல் இருக்கும், பார்த்துப் பயப்படாதே.

கிளெமிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று. நீ பிடுங்கிய வயர் நீலமாக இருக்கும். இடது பக்க விளக்குக்குப் பின்னால் கையை விட்டால் செம்பு முனை தட்டுப்படும், அதில் சொருகு. முதலில் துருவைச் சுரண்டிவிடு.

டெஸ்


நாரவில்
12 ஆகஸ்ட் 1973

கழுதை,

ஏழு வருஷம்! ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் முழங்கால் போட்டுக்கொண்டு நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன், நீ அங்கே வேகன் நிழலில் உட்கார்ந்து, இவள் முதலில் அசையட்டும் என்று என் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாயா? உன் கடிதத்தைச் சுவரில் எறிந்தேன். எடுத்தேன். மறுபடியும் எறிந்தேன். அப்பா கதவருகில் வந்து, "வர்றானா மாட்டானா, அதை மட்டும் சொல்லும்மா" என்றார். வருகிறார் என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிளெம் உள்ளே வந்து கடிதத்தைக் கீழேயிருந்து எடுத்து, கேட்காமலே முழுக்கப் படித்தான். "திரும்பி உன்னையா பார்த்தான்? ஃபைனல்லயா?" என்றான். கடிதத்தை மடித்து மேசையில் வைத்தான். பிறகு, "ஸ்டேஷன் படியில அவனால ஏற முடியாது, நானும் வர்றேன்" என்றான். மூன்று வாரத்தில் அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு. அடுத்த நாள் யோசித்துவிட்டு, வேண்டாம், முதலில் நீயே தனியாகப் போ என்று அவனாகச் சொல்லிவிட்டான்.

ஆகவே ஸ்டேஷனில் யாரும் இருக்கமாட்டார்கள். நான் பிளாட்பாரத்துக்கு வரமாட்டேன், போன முறை பிளாட்பாரம் நமக்கு ஒத்துவரவில்லை. வெளியே மரத்தடியில் காரில் இருப்பேன். கேட்டைத் தாண்டி நீ இடது பக்கம் திரும்பிப் போகப் பார்ப்பாய், பழைய பழக்கம், காரேஜ் அந்தப் பக்கம்தானே.

துருவைச் சுரண்டினேன். நீல வயரைச் சொருகிவிட்டேன். இன்னும் அழுத்திப் பார்க்கவில்லை.

நீ ஹார்ன் சத்தம் கேட்பாய். அது உனக்குத்தான். திரும்பிப் பார்.

நோலா